வராத மழைக்குத் திறந்த மதகு

விசிலக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. அணைக்கும் ஆற்றில் அதற்குக் கீழே இருக்கும் பெரிய பாலத்துக்கும் நடுவே ஓடும் பேருந்தில் இருபது வருஷத்துக்கு மேல் நடத்துநராக இருப்பவளை, அந்தத் தடத்தில் ஏறி இறங்குகிற யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்த்து அவள் ஊதினால் ஆற்றங்கரை நாரையெல்லாம் எழுந்து பறக்கும் என்பார்கள். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தொங்கியவன் மறுபேச்சில்லாமல் உள்ளே வந்துவிடுவான்.

அவள் பிறந்த வீடு அணைப்பக்கம், புகுந்த வீடு பாலத்துப்பக்கம். "எல்லாப் பொம்பளைங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போக மூக்கைச் சிந்துவாங்க. இவ ஒரு நாளைக்கு மூணு தடவை போயிட்டு வரா. அதுவும் சம்பளம் வாங்கிக்கிட்டு" என்று அவள் கணவர் சொல்லிச் சிரிப்பார். பாலத்தடியில் அவருக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அணைப்பக்கம் அவளுடைய அண்ணனுக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம். நீர்த்தேக்கத்தின் விளிம்பிலிருந்து குழாய் போட்டு, மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைப்பான். ஆகவே ஒரே ஆறு அவளுக்கு அண்ணன் வழியில் ஒரு உறவு, கணவர் வழியில் ஒரு உறவு.

முன்பெல்லாம் மழைக்கு ஒரு மரியாதை தெரிந்திருந்தது. சொல்லிவிட்டு வரும், நாலு நாள் இருக்கும், நின்று நிதானமாகப் போகும். பருவம் முழுக்கத் தூறித் தூறியே அணையை நிரப்பிவிடும். கொஞ்ச காலமாக அந்த நடப்பு மாறிப்போயிற்று. வந்தால் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. வராவிட்டால் வருஷம் பூராவும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அணைக்கு இருந்த விதிகளோ பழைய மழையை நம்பி எழுதப்பட்டவை. பருவம் பாதி கடந்தால் மதகுகளை மூடிவிட வேண்டும், கடைசிச் சொட்டு வரைக்கும் தேக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருஷம் அப்படித் தேக்கி, தளும்பத் தளும்ப நின்றபோது மலைமேல் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. அணையைக் காப்பாற்ற எல்லா ஷட்டரையும் ஒன்றாகத் தூக்கினார்கள். பாலத்துப்பக்கம் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. வெல்டிங் பட்டறையில் சிலிண்டர்கள் மிதந்தன. மெஷினுக்குள் சேறு புகுந்து அது மறுபடி உயிர் பிடிக்கவே இல்லை. கடன் உடன் வாங்கிப் பட்டறையை மீண்டும் திறந்தார் கணவர். ஆனால் அதற்கப்புறம் மழைச் சத்தம் கேட்டால் படுக்கையில் இருக்கமாட்டார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஒரு குழு வைத்தார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். எப்போது எவ்வளவு திறக்கலாம் என்று அணைப் பொறியாளர் சொல்லுவார், குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டு சரிசமமாக வந்தால் தலைவர் சொல்வது முடிவு. அந்தத் தலைவர் யார் என்பதில்தான் மூன்று கூட்டம் நாசமாய்ப் போனது. அணைப்பக்கத்து ஆள் என்றால் பாலத்துக்காரர்கள் எழுந்து போனார்கள். பாலத்துக்காரர் என்றால் அணைக்காரர்கள் மேசையைக் குத்தினார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வந்தவர்களை ஏற்றிப் போவதற்காக, வண்டியை அணை அலுவலக வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, தாமதம் பொறுக்காமல் விசிலக்கா உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"சண்டை எப்ப முடியும்னு சொன்னீங்கன்னா நான் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அடுத்த வண்டி சாயங்காலந்தான்."

பாலத்துப்பக்கம் செங்கல் சூளை வைத்திருந்த செங்கல்காரர்தான் முதலில் சிரித்தார். "இந்தம்மாவையே உக்கார வைங்கப்பா. ஒரு கால் அங்க, ஒரு கால் இங்க. எவனுக்கும் நம்பிக்கை வராது, எவனுக்கும் சந்தேகமும் வராது" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் பசி வேளையில் விளையாட்டும் தீர்மானமாகிவிடும். அண்ணன் கூடக் கை தூக்கினான். அவன் அணைப்பக்கத்து மூவரில் ஒருவன். தன் தங்கை தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்று நினைத்திருப்பான்.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு கேள்விப்பட்டிருக்கேன். அதைக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்த மத்தளத்தை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

முதல் இடி அந்த வருஷமே விழுந்தது.

அணை முக்கால்வாசி நிரம்பியிருந்த நேரம். பொறியாளர் அவசரக் கூட்டம் போட்டார். அவர் ஒல்லியான, உயரமான மனிதர். வயிற்றுப்புண் உள்ளவர் என்பதால் பேச்சுக்கு நடுவே பிஸ்கட்டைக் கடித்துக்கொள்வார். கடலில் ஒரு புயல் சின்னம் கிளம்பியிருக்கிறது, அது நம் மலைமேல் வந்து கொட்டினால் இப்போது இருக்கிற இடம் போதாது, இன்றே திறந்து மூன்றில் ஒரு பங்கை இறக்கிவிட வேண்டும் என்றார்.

"கொட்டுமா, கொட்டாதா?" என்று கேட்டாள் விசிலக்கா.

"நூத்துக்கு எழுபது கொட்டும்மா."

"மீதி முப்பது?"

பொறியாளர் பிஸ்கட்டை விழுங்கினார். "அதுவும் நிஜந்தாம்மா. அதை நான் மறைச்சா நாளைக்கு உங்க மூஞ்சியில முழிக்க முடியாது."

அண்ணன் எழுந்தான். "கையில இருக்கற தண்ணியைத் தூக்கி ஆத்துல விட்டுட்டு வாயைப் பொளந்துக்கிட்டு வானத்தைப் பாக்கணுமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க. கோடையில எங்க மரத்துக்கு என்ன ஊத்தறது, இவரு புள்ளிவிவரத்தையா?"

செங்கல்காரர் விடவில்லை. "உங்க மரம் காஞ்சா அடுத்த வருஷம் துளிர்க்கும். எங்க வீட்டுல தண்ணி பூந்தா செத்தவன் துளிர்ப்பானாய்யா?"

பேச்சு முற்றியது. ஓட்டு மூன்றுக்கு மூன்று. அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே, தங்கையின் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பற்றிச் சொன்னான், தோட்டத்தைப் பற்றிச் சொன்னான். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அண்ணனுக்காக இளகிவிடக்கூடாது என்றுதான் குரல் கறாராக வந்தது.

"உறுப்பினர் உக்காருங்க. பேச வேண்டியதைப் பேசிட்டீங்க."

அண்ணன் உட்கார்ந்தான். அவள் திறக்கச் சொன்னாள்.

மதகு ஏறுகிற சத்தத்தை அணைமேல் நின்று கேட்டாள். பழுப்பு நிறத்தில் வெளியே வந்து விழுந்த தண்ணீர் நுரை கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அது பாலத்துப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஊரே வேடிக்கை பார்த்தது. கணவர் மட்டும் பட்டறைச் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

புயல் வந்தது. வந்து, கரையோரமாகவே நடந்து, என்ன நினைத்துக்கொண்டதோ, எங்கோ ஒரு மூலைக்குப் போய்க் கொட்டிவிட்டது. இங்கே மறுநாள் வானம் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. மொட்டைமாடியெல்லாம் துணி காய்ந்தது. அந்தப் பருவத்தில் அதற்கப்புறம் பெய்ததெல்லாம் தூசி அடங்குகிற அளவுக்குத்தான்.

பேருந்தில் கேலி ஆரம்பித்தது. "அக்கா, வெயில் தாங்கல. நாளைக்கு மழை பெய்யக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடுங்க, பிச்சுக்கிட்டுக் கொட்டும்" என்றான் ஒரு பால்காரன். வண்டியே குலுங்கிச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே அவனை அடுத்த நிறுத்தம் வரைக்கும் நிற்கவைத்தாள், இடம் இருந்தும்.

கோடையில் கேலியும் நின்றுபோயிற்று. கேலி செய்யவும் வாயில் ஈரம் வேண்டுமே. நீர்த்தேக்கம் நாளுக்கு நாள் பின்வாங்கியது. அணைப்பக்கத்துத் தோட்டக்காரர்கள் குழாயோடு குழாய் சேர்த்துத் தண்ணீரைத் துரத்திக்கொண்டே போனார்கள். ஓரிடத்துக்கு மேல் மோட்டார் சேற்றைத்தான் இழுத்தது. பாலத்துப்பக்கமும் தப்பவில்லை. ஆனால் அவர்களுக்குக் குடிக்கவும் வெங்காயப் பாத்திகளுக்கும் முறைவைத்துத் திறக்கிற தண்ணீர், குறைந்தாலும், வந்துகொண்டிருந்தது. விதி அப்படி. தேக்கத்தின் அடியில் கிடப்பதில் முதல் உரிமை பாலத்துப்பக்கத்துக்கு.

ஒருநாள் அண்ணி வண்டியில் ஏறினாள். அண்ணி ஏறினால் முன்சீட்டில், நடத்துநர் பக்கத்தில்தான் உட்காருவாள். இறங்கும் வரைக்கும் ஊர்க்கதை ஓடும். அன்று பின்சீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டம் குறைந்ததும் விசிலக்கா அங்கேயே போய் நின்றாள்.

"என்ன அண்ணி, இடம் மாறிடுச்சு?"

"எங்க உக்காந்தா என்ன, எல்லாச் சீட்டும் ஒரே ஊருக்குத்தானே போகுது."

"அண்ணனுக்குக் கோவம் இன்னும் ஆறலையா?"

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "மழை வராததுக்கு அவரு உன்மேல கோவப்படுவாரா? அவ்வளவு கூறுகெட்டவரா? நீ தண்ணியைத் திறந்ததுகூட விடு. இத்தனை பேர் நடுவுல, 'உறுப்பினர் உக்காருங்க'ன்னு சொன்னியாமே. வீட்டுக்கு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தாரு. என் தங்கச்சி வாயில நான் உறுப்பினராயிட்டேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்காரு." குரல் தணிந்தது. "நேத்துலேர்ந்து மரத்தை அறுக்கறாரு. பாதி போயிடுச்சு. இருக்கற தண்ணியை மீதிப் பாதிக்காவது விடலாம்னு."

அடுத்த விடுமுறை நாளில் அவள் தோட்டத்துக்குப் போனாள். பட்ட மரம் மட்டும் வெட்டுகிறான் என்று நினைத்திருந்தாள். அண்ணன் பச்சை மரத்தையும் அறுத்துக்கொண்டிருந்தான். எந்தெந்த மரத்தைக் கைவிடுவது என்று அவனே பொறுக்கி, துணி கட்டி அடையாளம் வைத்திருந்தான். தங்கையைப் பார்த்தான், ரம்பத்தை நிறுத்தவில்லை. அவளும் எதுவும் சொல்லாமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெட்டிய கிளைகளை வேலியோரம் இழுத்துப் போட ஆரம்பித்தாள். முள் கையைக் கிழித்தது. வெயில் இறங்குகிறவரை இருவரும் வேலை செய்தார்கள். கிளம்புகிறபோது அண்ணி கொண்டுவந்து வைத்த டீயை அண்ணன் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் அவள் பொறியாளரிடம் போனாள். "நான் விலகிக்கறேன் சார். எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும்."

"நீங்க எடுத்த முடிவு தப்பில்லம்மா. அன்னைக்கு நமக்குத் தெரிஞ்சதை வச்சு எடுத்தது. விளைவு வேற மாதிரி ஆயிடுச்சு. முடிவு வேற, விளைவு வேற."

"நல்லா இருக்கு சார். எங்க அண்ணன் தோட்டத்துக்கு வந்து அந்தக் கட்டைங்ககிட்ட இதைச் சொல்லுங்க."

பொறியாளர் பிஸ்கட் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். "இனிமே அடிக்கடி இப்படித்தான் ஆகும்மா. சில தடவை வரும், சில தடவை வராது. ஒவ்வொரு தடவையும் திறந்துதான் ஆகணும். வராத வருஷமெல்லாம் அணைப்பக்கம் காயும்" என்றார்.

"அப்ப அவங்க மட்டும் ஏன் காயணும்?" என்றாள் அவள். கேட்டபிறகுதான் தான் கேட்டது எத்தனை நேரான கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது. "திறந்தது பாலத்துக்காரங்க நல்லதுக்கு. மழை வரலைன்னா நஷ்டம் மட்டும் மேலேயா? பாதியை அவங்களும் தூக்கட்டுமே."

பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு வழி இருக்கிறது என்றார். திறந்தும் மழை பொய்த்த வருஷம் பாலத்துப்பக்கத்துக்குக் கோடையில் முறைவைத்துத் திறக்கிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை அணைப்பக்கத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். அந்த இழப்பைச் சரிக்கட்ட, செங்கலுக்கு மண் எடுத்த பள்ளங்கள் ஆற்றோரம் பெரிது பெரிதாகக் கிடக்கின்றன. முன்கூட்டித் திறக்கிற தண்ணீரைக் கடலுக்கு ஓடவிடாமல் வாய்க்கால் வெட்டி அவற்றில் நிரப்பிக்கொண்டால் கோடையில் வெங்காயத்துக்கு ஆகும். "இதை நான் முன்னாடியே சொன்னேன். செங்கல்காரர் சிரிச்சாரு. எனக்கு ஆளுங்களோட சண்டை போட வராதும்மா" என்றார்.

"அது எனக்கு வரும்" என்றாள் விசிலக்கா. விலகுகிற பேச்சை அத்தோடு மறந்துவிட்டாள்.

பாலத்துப்பக்கம் பள்ளிக்கூட அறையில் கூட்டம் போட்டாள். குழந்தைகள் உட்காருகிற சின்னப் பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முழங்காலை முகவாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கொந்தளித்தார்கள்.

"புகுந்த வீட்டுல சாப்பிட்டுட்டுப் பொறந்த வீட்டுக்கு அள்ளிக் கொடுக்கறியே, நியாயமா?" என்றாள் ஒருத்தி.

"என் பள்ளத்துல தண்ணியை ரொப்பிட்டு நான் எங்க மண்ணெடுக்கறது? உங்க வண்டியிலயா?" என்றார் செங்கல்காரர். "அதுவுமில்லாம, மழைதான் வரலையே. எங்களுக்கு நீங்க என்ன கொடுத்தீங்க, நாங்க திருப்பிக் கொடுக்க?"

கணக்காகப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். திறந்தார்கள், வெள்ளமும் வரவில்லை. என்ன கொடுத்தோம் என்று எதைக் காட்டுவது?

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து அவள் கணவர் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு தீப்பொறியோடு வேலை செய்கிறவருக்குப் பேச்சு அநேகமாகத் தேவைப்படுவதில்லை. கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"வெள்ளத்துக்கப்புறம் மழை இருட்டிக்கிட்டு வந்தா நான் படுக்கறதில்லைன்னு எங்க வீட்டுல தெரியும். போன தடவை புயல்னு ரேடியோவுல சொன்னாங்க. அணையில இடம் இருக்குன்னு தெரிஞ்சதும் நான் படுத்துத் தூங்கினேன். மழை வரலை, சரி. ஆனா நான் தூங்கினேன். நீங்களும் தூங்கினீங்க, எனக்குத் தெரியும், தெருவுல ஒரு வீட்டுலயும் விளக்கு எரியல. அந்தத் தூக்கம் என் மச்சான் மரத்துலேர்ந்து வந்தது. நான் போய்ப் பாத்தேன், பாதித் தோட்டம் இல்ல. அதுக்கு எதையாவது திருப்பிக் கொடுக்கறதுதான் முறைன்னு தோணுது. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு சின்னதாகையால் பக்கத்திலிருந்தவர் மேல் பாதி உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

உடனே எல்லோரும் மனம் மாறிவிட்டதாகச் சொன்னால் அது பொய். இன்னும் இரண்டு கூட்டம் இழுபறி நடந்தது. மூன்றில் ஒன்று முடியாது, நாலில் ஒன்று என்றார்கள். அதற்கு ஒப்புக்கொண்டாள். செங்கல்காரர் பள்ளங்களில் இரண்டை மட்டும் விட்டார், அதுவும் மண் தீர்ந்துபோனவையாகப் பார்த்து. "பேருந்துல பேரம் பேசக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கீங்க. வெளியில வந்தா நீங்கதான் பேரத்துல மொத ஆளு" என்று அவளிடமே அலுத்துக்கொண்டார். கொடுத்ததை அணைப்பக்கத்துக்காரர்கள் உதட்டைப் பிதுக்கியபடி வாங்கிக்கொண்டார்கள். "இத்தனூண்டா?" என்றார் ஒரு தோட்டக்காரர். இரண்டு பக்கமும் சமமாக முகம் சுளித்ததால் ஏதோ சரியாகச் செய்திருக்கிறோம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

அடுத்த பருவத்தில் மறுபடி கடலில் ஒரு சின்னம். மறுபடி கூட்டம். இந்த முறை பொறியாளர் நூற்றுக்கு அறுபது என்றார். அறை முழுக்க முணுமுணுப்பு. எழுபதுக்கே பட்டபாடு போதாதா என்று அணைப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. மேசையில் காய்ந்த தேநீர்க் கறையைப் பார்த்தபடி, "அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். குழுவில் அப்படி யாரையும் கூப்பிடக்கூடாது என்று அவளே சொல்லிவைத்திருந்தாள். செங்கல்காரர் இருமினார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னான். "எனக்குத் திறக்க மனசில்ல. மனசில்லைன்னு எழுதிக்கோங்க. ஆனா திறக்காம இருந்து, கீழ ஏதாவது ஆச்சுன்னா அதைத் தாங்கவும் என்னால முடியாது. ஒரேயடியாத் திறக்காதீங்க. இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குப் புயல் எங்க நிக்குதுன்னு பாத்துக்கிட்டுக் கொஞ்சம்."

"ரெண்டு கட்டமாச் செய்யலாம். ஷட்டருக்கும் நல்லது" என்றார் பொறியாளர்.

ஓட்டு நாலுக்கு இரண்டு. தலைவருக்கு வேலையே இல்லாமல் போனது. முதல் கட்டத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பள்ளங்களுக்குள் விழுவதைப் பார்க்கப் போன செங்கல்காரர், தன் பழைய பள்ளம் குளமாவதைக் கண்டு, என்ன இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். இரண்டாவது கட்டம் பாதி திறந்திருக்கும்போதே மலைமேல் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

கொட்டென்றால் அப்படி ஒரு கொட்டு. அணை நிரம்பி, மிச்சத்தை வெளியே விட்டார்கள். பாலத்துப்பக்கம் ஆறு கரையைத் தாண்டித் தெருவுக்கு வந்து, பட்டறை வாசற்படியில் ஒரு ஈரக்கோடு போட்டுவிட்டு வடிந்தது. ஒரு வீட்டுக்குள்ளும் புகவில்லை. பள்ளங்கள் விளிம்புவரை நிறைந்தன.

ஊர் மாலை போடும் என்று விசிலக்கா எதிர்பார்க்கவில்லைதான். ஆனாலும் பேருந்தில் காதில் விழுந்த பேச்சு அவளையே திகைக்க வைத்தது. "இவ்வளவுதானா? இதுக்கா அவ்வளவு தண்ணியைத் திறந்து விட்டாங்க? படியைக்கூடத் தாண்டலையே. சும்மா இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்று ஒருவர் விளக்க, நாலு பேர் தலையாட்டினார்கள். புகுந்த வெள்ளத்துக்குச் சுவரில் கறை இருக்கும். புகாத வெள்ளத்துக்கு என்ன சாட்சி? அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் வந்த கோடை ஒருவழியாகக் கடந்தது. தாராளம் என்று சொல்ல முடியாது. அண்ணன் தோட்டத்தில் மிஞ்சிய மரங்கள் காய்த்தன. அறுத்த இடத்தில் அவன் மறுபடி எலுமிச்சை வைக்கவில்லை. தண்ணீர் குறைவாகக் கேட்கிற தீவனப்புல்லைப் போட்டான். அது வாசனை இல்லாத வருமானம் என்று அண்ணிக்குக் குறை.

இப்போது அவள் குழுவுக்குத் தலைவியாகி நாலாவது வருஷம். மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பேச்சு வரும். வேறு யார் என்ற கேள்வியில் அது படுத்துவிடும். பொறியாளருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்திருப்பவர் பிஸ்கட் தின்பதில்லை, ஆனால் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லத் தயங்குகிறார். அதைச் சொல்லவைப்பதே ஒவ்வொரு கூட்டத்திலும் அவளுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

போன மாதம் அண்ணனுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நல்ல கண் ஆஸ்பத்திரி பாலத்துப்பக்கம்தான் இருக்கிறது. கட்டுப் பிரிக்கிறவரை தங்கை வீட்டிலேயே இருந்தான். ஒரு கண்ணில் கட்டோடு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மைத்துனரோடு ஓயாமல் வாக்குவாதம். ரேடியோவில் வானிலை சொன்னால் இருவரும் இரண்டு விதமாக அர்த்தம் சொன்னார்கள்.

"மேற்கால காத்துன்னா தள்ளிக்கிட்டுப் போயிடும், மச்சான்."

"உங்களுக்கு வெல்டிங் வேலை தெரியும், காத்து எந்தப் பக்கம் அடிச்சா என்னன்னு தெரியுமா? பேசாம இருங்க மாப்பிள்ளை."

விசிலக்கா வேலைக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ, கடலில் ஒரு காற்றழுத்தம் என்று ஆரம்பித்தது. இரண்டு ஆண்களும் சட்டென்று வாயை மூடினார்கள். செய்தி முடிந்ததும் அண்ணன் கட்டுப்போடாத கண்ணைச் சுருக்கி வாசல்பக்கம் பார்த்தான்.

"புது ஆளுக்குப் போன் பண்ணிட்டியா?"

"இல்லண்ணா. ஆபீஸ் திறக்கட்டும்."

"ஆபீஸ் திறக்கற வரைக்கும் அது கடல்லயே உனக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? இப்பவே கூப்பிடு. கூட்டம் இங்கயே வைக்கச் சொல்லு, இந்தக் கண்ணோட நான் பஸ் ஏற முடியாது."

அவள் போனை எடுத்தாள். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணவர் அதற்குள் நாற்காலிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு கேட்டு வாங்கிவரக் கிளம்பினார்.